ஓடிடி சந்தாதாரர்களுக்கு மட்டும் விற்கப்படும் பொம்மைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கை கால் அசையும் சினிமா, காமிக்ஸ் பாத்திரங்களின் பொம்மை, சேகரிப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "அந்த ஃபிகர் வேணும்னா அந்தச் சேவைக்குச் சந்தா கட்டணுமாம், கட்டலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அப்படி வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை, இந்த வியாபாரம் பெரிதாக நடந்தது அங்கேதான்.

ஓடிடி சேவைக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம்?

மாதச் சந்தாவில் ஓடும் எந்தச் சேவைக்கும் இரண்டு கவலைகள். புது ஆளைச் சேர்ப்பது ஒன்று. சேர்ந்தவர் ஒரு தொடரைப் பார்த்து முடித்த கையோடு கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய தலைவலி. கேபிள் இணைப்பைத் துண்டிக்க அலைய வேண்டியிருந்தது. ஓடிடி சந்தாவை நிறுத்த இரண்டு மூன்று தட்டல்கள் போதும்.

பொம்மை இங்கேதான் உள்ளே வருகிறது. தொடரை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர், ஒரு வாரம் மட்டுமே விற்கும் பொம்மையைத் தள்ளிப்போட மாட்டார். அதுவும் சந்தாதாரருக்கு மட்டும் என்றால் சந்தாவை அன்றைக்கே கட்டிவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு புது ஃபிகர் என்று அறிவித்துவிட்டால், அடுத்தது என்னவென்று பார்க்கவாவது தங்கியிருப்பார். கணக்கு இவ்வளவுதான்.

இது ஓடிடி காலத்து யோசனையா?

இல்லை, ரேடியோ காலத்திலிருந்தே இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் 'லிட்டில் ஆர்ஃபன் ஆனி' என்ற வானொலி நாடகத்தை ஓவல்டின் கம்பெனி வழங்கியது. ஓவல்டின் டப்பாவில் இருக்கும் முத்திரையை வெட்டி அனுப்பினால் ஒரு டீகோடர் பேட்ஜ் தபாலில் வரும். நாடகம் முடியும்போது அறிவிப்பாளர் எண்களாக ஒரு ரகசியச் செய்தி சொல்வார். பேட்ஜ் கையில் இருக்கும் பிள்ளைக்குத்தான் அதைப் படிக்க முடியும். நாடகத்தை எல்லாருமே இலவசமாகக் கேட்கலாம், ஆனால் பேட்ஜ் வைத்திருப்பவர் மட்டும் உள்வட்டத்தில். இன்றைய 'மெம்பர்ஸ் ஒன்லி' கடை முழுக்க இதே புத்திதான்.

90களில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு பிக் ஃபன் பபுள்கம்முக்குள் வந்த கிரிக்கெட் படங்கள் நினைவிருக்கும். படத்தின் பின்னால் இருக்கும் ரன்களைச் சேர்ப்பதற்காகவே பபுள்கம் வாங்கினோம்.

இந்த வரிசையில் நான் மிகவும் ரசிக்கும் சம்பவம் 1977 கிறிஸ்துமஸ். ஸ்டார் வார்ஸ் படம் அந்த ஆண்டு மே 25இல் வெளியானது. பொம்மை உரிமம் கென்னர் கம்பெனியிடம் இருந்தது, ஆனால் ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தானதால் பண்டிகைக்குள் ஃபிகர்கள் தயாராகவில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றது. உள்ளே ஒரு சான்றிதழ், பொம்மைகளை நிறுத்தி வைக்க ஓர் அட்டை மேடை, சில ஸ்டிக்கர்கள், ரசிகர் மன்ற அட்டை. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் 1978 பிப்ரவரி 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் லூக், லியா, சூபாக்கா, ஆர்2-டி2 என்று நான்கு ஃபிகர்கள் வீடு தேடி வரும். உறையின் விலை அதிகபட்சம் 7.99 டாலர்.

அப்படி வந்த லூக் ஃபிகர்கள் சிலவற்றில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றே முக்கால் அங்குல உருவம். அதன் வலது கைக்குள் ஒரு மஞ்சள் ஒளிவாள் செருகப்பட்டிருக்கும். கைக்கு அடியில் இருக்கும் சின்னத் திருகை முன்னே தள்ளினால் வாள் வெளியே வரும், அதற்குள்ளிருந்து இன்னும் மெல்லிய முனை மறுபடி நீளும். செய்யவும் சிரமம், உடையவும் எளிது என்பதால் சீக்கிரமே ஒற்றையாக நீளும் வாளுக்கு மாறிவிட்டார்கள். அந்த இரட்டை வாள் லூக்கை இன்றைக்கும் உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தாவுக்காகப் பொம்மையை வெளிப்படையாகவே முன்னிறுத்திய சேவை எது?

டிசி யூனிவர்ஸ். பேட்மேன், சூப்பர்மேன் காமிக்ஸ் வெளியிடும் டிசியின் சொந்த ஓடிடி. 2018 செப்டம்பர் 15இல், பேட்மேன் தினமாகக் கொண்டாடப்பட்ட நாளில், அமெரிக்காவில் மட்டும் தொடங்கியது. மாதம் 7.99 டாலர், வருடத்துக்கு 74.99 டாலர். (கென்னர் உறையின் விலையும் 7.99தான் என்பது தற்செயல், ஆனால் நாற்பது ஆண்டு இடைவெளியில் அந்த எண் திரும்ப வந்ததைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.)

வெறும் வீடியோ சேவையாக அதை விற்கவில்லை. பழைய படங்களும் கார்ட்டூன்களும் ஒரு பக்கம், அதே செயலியில் படிக்கும்படி காமிக்ஸ் நூலகம் இன்னொரு பக்கம், கூடவே பரிசுப் போட்டிகள், ரசிகர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம், உறுப்பினர்களுக்கு மட்டுமான ஒரு கடை. டிசிக்கு டிசி கலெக்டிபிள்ஸ் என்ற சொந்தப் பொம்மைப் பிரிவே இருந்தது. 1998இல் டிசி டைரக்ட் என்ற பெயரில் தொடங்கிய பிரிவு அது. பாத்திரங்களும் தன்னுடையவை, பொம்மைப் பிரிவும் தன்னுடையது, ஓடிடியும் தன்னுடையது. வேறொரு கம்பெனியிடம் போய் "எங்கள் சந்தாதாரருக்கு மட்டும் ஒன்று செய்து தாருங்கள்" என்று பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு விஷயமும் பலர் கவனிக்காதது. தொடங்கிய நாளில் அந்தச் சேவையிடம் புதுத் தொடர் ஒன்றுகூட இல்லை. முதல் தொடரான டைட்டன்ஸ் அக்டோபர் 12இல்தான் வந்தது. கிட்டத்தட்ட ஒரு மாதம் பழைய படங்களையும் காமிக்ஸையும் கடையையும் காட்டித்தான் சந்தா வாங்க வேண்டியிருந்தது. பொம்மைக்கும் சலுகைக்கும் அவ்வளவு முக்கியத்துவம் தரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்தச் சேவை என்ன ஆனது?

மூடிவிட்டார்கள். அதற்குப் பொம்மைகள் காரணமில்லை, தொடர்களும் காரணமில்லை. டூம் பட்ரோல், ஹார்லி குவின் இரண்டுமே அங்கே பிறந்தவை, பிறகும் பல சீசன்கள் ஓடின. 2019 ஏப்ரலில் காமிக்ஸ் நூலகத்தை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களாக விரித்தார்கள். சந்தாதாரருக்கு அது பெரிய விருந்து.

பிரச்சினை மேலிடத்தில் இருந்தது. சேவை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னால், 2018 ஜூனில், டிசியின் தாய் நிறுவனமான டைம் வார்னரைத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி வாங்கியது. புதிய முதலாளிக்கு எல்லாவற்றையும் ஒரே பெரிய ஓடிடிக்குள் கொண்டுவர வேண்டும், ஒரு சின்ன ரசிகர் சேவையைத் தனியாக நடத்துவதில் ஆர்வமில்லை. 2019இல் ஸ்வாம்ப் திங் தொடர் முதல் எபிசோட் வந்த ஒரே வாரத்தில் ரத்தானபோதே பலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 2020 மே 27இல் அந்தப் பெரிய ஓடிடி, எச்பிஓ மேக்ஸ், வந்தது. ஆகஸ்டில் டிசி யூனிவர்ஸ் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள், 22 ஆண்டு நடந்த பொம்மைப் பிரிவையும் இழுத்து மூடினார்கள். தொடர்கள் எச்பிஓ மேக்ஸுக்குப் போயின. 2021 ஜனவரி 21 முதல் டிசி யூனிவர்ஸ் இன்ஃபினிட் என்ற பெயரில் காமிக்ஸ் மட்டும் மிஞ்சியது.

பொம்மைப் பிரிவும் சேவையும் ஒரே நேரத்தில் போனதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேகரிப்பாளரின் ரசனை அறிந்து சிற்பம் வடித்தவர்கள் அங்கே வேலை செய்தார்கள். சந்தா எண்ணிக்கையை வைத்து மட்டும் எடைபோடக்கூடிய உழைப்பு இல்லை அது.

வேறு யார் யார் இதைச் செய்திருக்கிறார்கள்?

டிஸ்னி பிளஸ் 2022 நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தியது. சந்தாதாரர் ஸ்டார் வார்ஸ், பிளாக் பாந்தர், ஃப்ரோசன் 2 போன்ற சில தலைப்புகளின் பக்கத்துக்குப் போனால் அங்கே ஒரு க்யூஆர் கோடு இருக்கும். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் டிஸ்னியின் இணையக் கடையில் அவருக்கென்று ஒதுக்கிய பொருட்கள் திறக்கும். சில பொருட்கள் மற்றவர்களுக்கு முன்பாகவே அவருக்குக் கிடைக்கும். டிவி பார்த்துக்கொண்டிருப்பவரை எழுந்திருக்க விடாமலே கடைக்குள் கொண்டுபோகும் ஏற்பாடு இது.

ஜப்பானிய அனிமேவுக்கான க்ரஞ்சிரோல் வேறு வழியில் போனது. 2020இல் சந்தாவையே அடுக்கடுக்காகப் பிரித்தது. மேல் அடுக்கான 'அல்டிமேட் ஃபேன்' அப்போது அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர். அதில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பரிசுப் பையும், கடையில் உறுப்பினர் சலுகைகளும் இருந்தன. கவனியுங்கள், பரிசு ஆண்டுக்கு ஒன்றுதான். நடுவில் கிளம்பிப் போகாமல் பிடித்து வைக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

நெட்ஃபிளிக்ஸ் பூட்டுப் போடவில்லை. 2021 ஜூன் 10இல் தன் சொந்த இணையக் கடையைத் திறந்தது. யாசுகே, ஈடன் ஆகிய அனிமே தொடர்களின் சேகரிப்பு உருவங்கள் முதல் சரக்கில் இருந்தன. வாங்க நெட்ஃபிளிக்ஸ் சந்தா தேவையில்லை. பொம்மையைப் பார்த்தவன் தொடரைத் தேடி வருவான் என்ற நம்பிக்கை அது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

பொம்மை இருந்தால்தான் சந்தா சேருமா? பேபி யோடா கதை என்ன?

இந்தக் கேள்விக்கு அந்தக் கதையே பதில்.

டிஸ்னி பிளஸ் 2019 நவம்பர் 12இல் தொடங்கியது. முதல் நாளே, ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கும் 'தி மேண்டலோரியன்' தொடரின் முதல் எபிசோட். கடைசிக் காட்சியில் ஒரு தொட்டிலுக்குள்ளிருந்து பெரிய காதுகளோடு ஒரு பச்சை நிறக் குழந்தை எட்டிப் பார்க்கிறது. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர்தான் பேபி யோடா. பார்த்தவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எப்படி எதிர்பார்ப்பார்கள்? அதுவரை ஒரு பொம்மைகூட வரவில்லை, ஒரு போஸ்டரிலும் அந்த முகம் இல்லை.

அது திட்டமிட்டுச் செய்தது. பொம்மைக் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே வடிவமைப்பைக் கொடுத்தால், யாராவது படத்தைக் கசியவிடுவார்கள். பட்டியல்களில், பெட்டி அட்டைகளில் எங்காவது தலைகாட்டிவிடும். ஆகவே தொடரை உருவாக்கிய ஜான் ஃபேவ்ரோ, வெளியாகும்வரை பொம்மையே வேண்டாம் என்று கேட்டார். டிஸ்னியும் ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பொம்மையை விற்காமல் ஒரு கிறிஸ்துமஸ் சீசனைக் கடப்பது என்றால் எவ்வளவு வருமானத்தை விட்டுக்கொடுப்பது என்று யோசியுங்கள். அந்த டிசம்பரில் கடைகளில் கிடைத்ததெல்லாம் அவசரமாக அச்சடித்த டி-ஷர்ட்டும் கோப்பையும்தான். குரோஷாவில் தாங்களே பின்னி விற்றவர்கள் வேறு.

ஆனால் சேவைக்கு என்ன நடந்தது? முதல் நாளே ஒரு கோடிப் பேர் பதிவு செய்தார்கள். டிசம்பர் முடிவில் 2.65 கோடிச் சந்தாதாரர்கள். சேவையைத் தேடி வர மார்வெல், பிக்ஸார், பழைய டிஸ்னிப் படங்கள் என்று எத்தனையோ காரணங்கள் இருந்தன, எல்லாப் பெருமையையும் ஒரு குழந்தைக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுக்க இணையத்தில் திரும்பிய பக்கமெல்லாம் அந்த முகம்தான். அதை நகரும் உருவமாகப் பார்க்க இருந்த ஒரே இடம் அந்தச் சேவை.

பொம்மைகள் 2020இல் வந்தன. மேட்டலின் 11 அங்குல மென்பொம்மை, ஹாஸ்ப்ரோவின் அசையும் பொம்மை 59.99 டாலர், சைட்ஷோவின் நிஜ அளவு உருவம் 350 டாலர். எனக்குப் பிடித்தது இவற்றில் மிகச் சிறியது: ஹாஸ்ப்ரோ பிளாக் சீரீஸில் வந்த 9.99 டாலர் உருவம். உயரம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், கட்டைவிரலின் முதல் கணு அளவு. அதோடு சூப் கிண்ணம், தவளை, கப்பலின் கியரிலிருந்து கழற்றி விளையாடும் உருண்டை என்று மூன்று துணைப் பொருட்கள். அந்த உருண்டை கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். மூன்று பொருளும் மூன்று காட்சிகள். தொடரைப் பார்க்காதவருக்கு அவை வெறும் பிளாஸ்டிக் துணுக்குகள், பார்த்தவர் அந்தக் கிண்ணத்தை எடுத்ததும் சிரித்துவிடுவார்.

நான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்ல விரும்புவதும் இதுதான். பொம்மை ஆளைக் கூட்டிவரும், தங்கவைப்பது கதை. கதையின் மீது ஆசை வந்தபின் வரும் பொம்மைக்குப் பூட்டே தேவைப்படாது.

பொம்மை தயாராக இல்லாததால் நஷ்டப்பட்டவர்கள் இல்லையா?

உண்டு. 2025 ஜூன் 20இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' என்ற பாட்டுகள் நிறைந்த அனிமேஷன் படம் அந்தச் சேவையின் வரலாற்றிலேயே அதிகம் பார்க்கப்பட்ட படமானது. உலகம் முழுக்கப் பெண் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைப் பாடித் திரிந்தார்கள். பொம்மைக்குப் பெரிய உரிமம் மேட்டலுக்கும் ஹாஸ்ப்ரோவுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது அக்டோபரில். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மையை முன்பதிவு செய்யலாம், கையில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு: சிற்பம் வடித்து, எஃகில் அச்சு வெட்டி, பரிசோதித்து, பெயின்ட் மாதிரி ஒப்புதல் வாங்கி, கப்பலில் ஏற்றி இறக்குவதற்கு சாதாரணமாக ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். திரையரங்குப் படத்துக்கு வெளியீட்டுத் தேதி முன்பே தெரியும், பெரிய ஸ்டூடியோ பின்னால் நிற்கும், கடைக்காரர் துணிந்து வாங்கி அடுக்குவார். ஓடிடியில் திடீரென்று வந்து விழும் படத்தை நம்பி அப்படி அடுக்க யாரும் தயாரில்லை.

"எக்ஸ்க்ளூசிவ்" என்றால் முழுக்கப் புதிய பொம்மையா?

பெரும்பாலும் இல்லை. பொம்மைத் தயாரிப்பில் பெரிய செலவு அச்சுக்குத்தான். சந்தாதாரருக்கு மட்டும் என்று சில ஆயிரம் எண்ணிக்கையில் செய்யும் பொருளுக்காகப் புதிய அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே ஏற்கனவே இருக்கும் அச்சிலேயே வேறு வண்ணம் பூசுவார்கள், தலையை மட்டும் மாற்றுவார்கள், ஒரு கூடுதல் கை ஜோடி சேர்ப்பார்கள், இல்லையென்றால் பெட்டியை மாற்றுவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு நல்ல ரீபெயின்ட் அசலைவிட அழகாக அமைவதுண்டு. கார்ட்டூன் பாணி உருவங்களில் நிழல் கோடுகளை மட்டும் மாற்றிப் போட்டாலே பொம்மைக்கு வேறொரு உயிர் வந்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அறிவிப்பில் இருக்கும் சொற்களை நிதானமாகப் படியுங்கள். 'உறுப்பினருக்கு மட்டும்' என்பது ஒன்று. 'உறுப்பினருக்கு முதலில்' என்பது இன்னொன்று, அந்தப் பொம்மை கொஞ்ச நாளில் பொதுக் கடைக்கும் வரும். 'இந்தப் பெட்டி உறுப்பினருக்கு மட்டும்' என்றால் பொம்மை எல்லாருக்கும், அட்டை மட்டும் உங்களுக்கு. மூன்றுக்கும் விளம்பரத்தில் ஒரே எழுத்து அளவில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்று போட்டிருப்பார்கள்.

ஒரு பொம்மைக்காகச் சந்தா கட்டலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பொம்மை 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா 8 டாலர். முன்பதிவு செய்யும் மாதம் மட்டும் உறுப்பினராக இருந்தால் போதுமென்றால் பொம்மையின் உண்மை விலை 38 டாலர், கூடவே தபால் செலவு. அனுப்பும் நாள்வரை உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதி இருந்து, பொம்மை எட்டு மாதம் கழித்து வந்தால் உண்மை விலை 94 டாலர். அந்த எட்டு மாதமும் நீங்கள் அந்தச் சேவையில் ஆசையாக ஏதாவது பார்ப்பீர்கள் என்றால் சந்தாவைப் பொம்மைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பார்க்கப்போவதில்லை என்றால் 94 டாலர்தான் விலை. அதே பொம்மை மறுவிற்பனையில் 70க்குக் கிடைத்தாலே அது லாபம்.

வருடச் சந்தாவில் தள்ளுபடி இருக்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் ஒரே ஒரு பொம்மைக்காக வருடச் சந்தா கட்டாதீர்கள் என்பேன்.

பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகுமா?

முதலீடாக நினைத்து வாங்காதீர்கள். 1979இல் கென்னர் ஒரு சலுகை அறிவித்தது. நான்கு ஸ்டார் வார்ஸ் பெட்டிகளின் அத்தாட்சித் துண்டுகளை அனுப்பினால் போபா ஃபெட் உருவம் இலவசம், முதுகிலிருந்து சிவப்பு ராக்கெட் பாயும். அதே சமயத்தில் வேறொரு கம்பெனியின் ஏவுகணைப் பொம்மை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் பின்வாங்கி, ராக்கெட்டை அசையாமல் ஒட்டி அனுப்பியது. அப்படித் தபாலில் வந்த உருவம்தான் பிறகு கடைகளிலும் வந்தது. இன்றைக்கு ஏலத்தில் தலைசுற்ற வைக்கும் விலைக்குப் போவது, யாருக்குமே அனுப்பப்படாத, ராக்கெட் பாயும் முன்மாதிரி. 2024இல் ஒன்று 5,25,000 டாலருக்கு விற்றது. கூப்பன் அனுப்பி வாங்கிய குடும்பங்களில் யாரிடமும் அது இல்லை.

உறுப்பினருக்கு மட்டும் என்ற ஒரே காரணத்தால் விலை ஏறிவிடாது. இருபது ஆண்டு கழித்தும் அந்தப் பாத்திரத்தை நினைத்து ஏங்க ஆள் இருக்க வேண்டும். எல்லாரும் பெட்டி பிரிக்காமல் எடுத்துவைக்கும் பொம்மைக்கு அந்த வாய்ப்பு இன்னும் குறைவு, ஏனென்றால் பிரிக்காத பெட்டி எல்லாரிடமும் இருக்கும்.

முன்பதிவு செய்தபின் சேவையையே மூடிவிட்டால்?

முதலில், பணம் எப்போது எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். சில கடைகள் பொருளை அனுப்பும்போதுதான் எடுக்கும், சில முன்பதிவிலேயே எடுத்துவிடும். இரண்டாவது வகை என்றால் ஆர்டர் உறுதிசெய்த மின்னஞ்சலையும் பொருளின் படத்தோடு கூடிய பக்கத்தையும் சேமித்து வையுங்கள். உறுப்பினர் கடை மூடினால் உங்கள் கணக்குப் பக்கமும் காணாமல் போகும், பழைய ஆர்டரைப் பார்க்கவே வழி இருக்காது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பொருள் வரவில்லை என்று வங்கியிடம் முறையிடலாம், அதற்குக் காலக்கெடு உண்டு.

வரிசையாக வரும் தொகுப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஏழு பேர் கொண்ட அணியில் மூன்று பேர் வந்ததும் கடை நின்றுபோனால், மீதி நால்வரை வேறு எங்கும் வாங்க முடியாது. நான் இப்போதெல்லாம் தனித்து நின்றாலும் அலமாரியில் அழகாக இருக்கும் உருவத்தை மட்டுமே உறுப்பினர் கடைகளில் வாங்குகிறேன்.

இந்தியாவிலிருந்து வாங்க முடியுமா?

நேரடியாக முடிவது அபூர்வம். டிசி யூனிவர்ஸ் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் இருந்தது. டிஸ்னி பிளஸின் 2022 சோதனையும் அங்கே மட்டும்தான். இந்தியாவில் டிஸ்னி பிளஸ் என்ற தனிச் சேவை இருந்ததே இல்லை, 2020 ஏப்ரலில் ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து வந்தது, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. இங்கே கட்டும் சந்தாவைக் காட்டி அமெரிக்கக் கடையில் சலுகை கேட்க முடியாது.

உங்களுக்கு ஓர் அமெரிக்க முகவரி தந்து, அங்கே வரும் பார்சலை இந்தியாவுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அதில் சுங்கம்தான் சிக்கல். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தனிநபர் பார்சலை எந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை ஆர்டர் போடும் முன் கூரியர்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் செய்வது, அங்கிருந்து ஊருக்கு வரும் அண்ணனோ சித்தியோ பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது. அவர்களிடம் பெட்டியின் அளவை முன்பே சொல்லிவிடுங்கள். சேகரிப்புப் பொம்மைகளின் பெட்டி நாம் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும், பாதி சூட்கேஸை அடைத்துக்கொள்ளும்.

குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பெட்டியில் வயதுக் குறிப்பைப் பாருங்கள். சேகரிப்பாளருக்கான உருவங்களில் 14 அல்லது 15 வயதுக்கு மேல் என்று இருக்கும். அது சும்மா போட்டதில்லை. கூரிய முனைகள், கழன்று வரும் சின்னக் கைகள், வாயில் போட்டால் ஆபத்தான துணைப் பொருட்கள் எல்லாம் இருக்கும். சின்னப் பிள்ளைக்கு அதே பாத்திரத்தின் மென்பொம்மை வாங்கிக் கொடுங்கள், கட்டிப்பிடித்துத் தூங்கவும் முடியும்.

சந்தா கட்டாமல் பழைய உறுப்பினர் பொம்மைகளை எங்கே, எப்படி வாங்குவது?

வெளியான முதல் வாரத்தில் வாங்காதீர்கள், அப்போதுதான் விலை உச்சத்தில் இருக்கும். ஆசைப்பட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்து, ரீசெல்லர்களின் கையில் சரக்கு தேங்கும்போது இறங்கும். ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்த்துப் பயப்படாமல், 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

பெட்டி பிரித்ததை வாங்கத் தயங்க வேண்டாம், பாதி விலைக்கே வரும். விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: முகம் நெருக்கமாக, பாதத்தின் அடியில் இருக்கும் கம்பெனிப் பெயரும் ஆண்டும், மூட்டுகள், துணைப் பொருட்கள் எல்லாம் ஒரே படத்தில். போலிகளில் கண் பெயின்ட் கொஞ்சம் விலகியிருக்கும், பாத முத்திரை மங்கலாக அல்லது இல்லாமலே இருக்கும். பாதத்தின் படத்தைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள்.